தேசம்மாள் கொடுத்த வாக்கு

எங்கள் சந்துக்குப் பூந்தோட்டம் நான்காவது சந்து என்று பெயர். வைத்த மகராசன் யாரென்று தெரிந்தால் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்பேன். பூவும் கிடையாது, தோட்டமும் கிடையாது. மழை வந்தால்தான் என்றில்லை, நல்ல வெயிலிலேயே சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். தெருக்குழாயில் முதலில் வருகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே ஊற்ற வேண்டும். அப்புறம் வருவது பார்வைக்குத் தெளிவாக இருக்கும், வாசனை மட்டும் போகாது. அதைத்தான் காய்ச்சிக் குடிக்கிறோம். வடசென்னைக்காரர்களுக்கு வயிறு கொஞ்சம் கெட்டி என்று அரசாங்கமே முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

எனக்கும் தேசம்மாளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் ஜாக்கெட் தைப்பவள். அவள் மார்க்கெட்டில் மீன் வெட்டுபவள். மீன் விற்பவள் இல்லை. வாங்கி வருகிறவர்களுக்குச் செதிள் எடுத்து, குடல் நீக்கி, துண்டு போட்டுக் கொடுக்கிற வேலை. உள்ளே சினை இருப்பது நிறைய பேருக்குத் தெரியாது. வெட்டுகிறவர்கள் அதைச் சத்தமில்லாமல் ஓரம் தள்ளி வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் சாதாரணம். தேசம்மாள் மட்டும் கூப்பிட்டுச் சொல்வாள்.

"யோவ் சார், உள்ள சினை கீது. எடுத்துக்கினு போ. புள்ளைங்களுக்கு வறுத்துக் குடு."

பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுகிற பெண்களுக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். "நீ அரிச்சந்திரன் பொண்டாட்டியா வாக்கப்பட்டிருக்கணும்டி, தப்பா இங்க வந்துட்ட" என்பார்கள். தேசம்மாளுக்கு அது திட்டு மாதிரியே படாது, உள்ளுக்குள் மகிழ்ச்சி. சனிக்கிழமை வருகிறேன் என்று சொன்னால் காய்ச்சலோடும் வருவாள். கைமாற்றாக அரைப்படி அரிசி வாங்கினால் கேட்கும் முன் திருப்பி வைப்பாள். சந்தில் சண்டை வந்தால், "தேசம்மா இன்னா சொல்றா?" என்று கேட்பார்கள். அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவளிடம் காசு கிடையாது, நகை கிடையாது, புருஷன் இறந்து வெகுகாலம். இருந்த ஒரே சொத்து அந்தப் பேச்சு சுத்தம்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இதை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் அந்தக் கர்வத்தைப் பிடித்துத்தான் அவளைக் கவிழ்த்தார்கள்.

பியூலா எங்கள் சந்து முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும், வாய் ஓயாது, கையும் ஓயாது. சந்தில் யாருக்கு ரேஷன் கார்டு வேண்டும், யாருக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோனது, எல்லாம் அவள் கடையில்தான் வந்து முடியும். இரண்டு வருடம் முன்பு தேசம்மாளின் பேத்தி தர்ஷிகாவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. இந்தத் தண்ணீரால்தான். குழந்தை கண் இரண்டும் பூசணிப்பூ நிறமாகிவிட்டது. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்த நேரம். பியூலா கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு, தன் ஸ்கூட்டியில் பாட்டியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குழந்தை வீடு திரும்பும்வரை அங்கேயேதான் கிடந்தாள்.

குழந்தை பிழைத்து வந்த பிறகு குடிநீர் வாரியத்து ஏரியா ஆபீசுக்குப் போய்க் கத்தினாள். அவர்கள் வந்து குழி தோண்டினார்கள். தோண்டியதோடு போய்விட்டார்கள். பியூலா குழிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைக்கு வருகிறவர்களும் அங்கேயே வந்து நின்றார்கள். குழாய் மாற்றும்வரை அந்த நாற்காலி அங்கிருந்து நகரவில்லை. பாதிச் சந்துக்குத்தான் மாற்றினார்கள், மீதிக்கு நிதி இல்லை என்றார்கள். ஆனாலும் பாதி கிடைத்ததே.

அதனால்தான் கவுன்சிலர் தேர்தல் வந்து, எங்கள் வார்டு பெண்களுக்கு என்று அறிவித்ததும், சந்தே சேர்ந்து பியூலாவைப் பிடித்துக்கொண்டது. "நீ நில்லு. நாங்க இருக்கோம்." அவள் முதலில் சிரித்தாள், பிறகு பயந்தாள், பிறகு நின்றாள். சுயேச்சை. குழாய்ச் சின்னம் கேட்டாள், கொடுத்தது சீப்பு.

"சீப்புக்கு ஓட்டு போட்டா தலை வாரி வுடுவியாம்மா?" என்று எதிர்வீட்டுக் கோட்டீஸ்வரி கிண்டல் செய்தாள்.

"வாரி விடுறேன் ஆன்ட்டி. பேன் இருந்தா அதுக்கு மட்டும் தனி மனு குடுக்கணும்" என்றாள் பியூலா.

எதிர்த்து நின்றது தமயந்தி. தமயந்தி என்றால் யாருக்கும் தெரியாது. வட்டச் செயலாளர் பரசுவின் பெண்டாட்டி என்றால்தான் தெரியும். அந்த அம்மாள் திறந்த ஜீப்பில் கும்பிட்டபடியே நின்றாள். அவள் பேசி எங்கள் சந்தில் ஒருவரும் கேட்டதில்லை. போஸ்டரிலும் பரசுவின் முகம் பெரியது, அவள் முகம் ஓரத்தில் ஸ்டாம்ப் அளவுக்கு இருந்தது.

பியூலா வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வந்தாள். என் வீட்டு வாசலில் நின்று கும்பிட்டாள். எனக்கு இந்த வார்டில் ஓட்டில்லை, என் பெயர் இன்னமும் பழைய தெருப் பட்டியலில்தான் இருக்கிறது, அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் முறைக்காகக் கும்பிட்டாள். அடுத்தது தேசம்மாள் வீடு. தேசம்மாள் வாசலில் நின்று காத்திருந்தாள். பியூலா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "உங்ககிட்ட நான் என்னக்கா கேக்கப் போறேன்" என்று சிரித்தபடி நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

தேசம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, என்ன கேக்கவே இல்ல. ஊட்டு மனுசங்கள யாராவது கேப்பாங்களா?" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

பிரசாரம் முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம், குட்டியானை வண்டி ஒன்று எங்கள் சந்து எல்லையம்மன் கோவில் முன் வந்து நின்றது. உள்ளே முழுக்க எவர்சில்வர் குடம். மூடியோடு, நல்ல கனம். நல்ல தண்ணீர் வராத தெருவுக்குக் குடம் கொடுக்கிற புத்தி பரசுவுக்குத்தான் வரும். யாருக்கு ஓட்டு என்று கேட்கவில்லை, ஓட்டுள்ள பெண்கள் கையில் எல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். தேசம்மாளின் பிளாஸ்டிக் குடம் அடியில் விரிசல் விட்டு, மெழுகு உருக்கி ஊற்றி ஒட்டி வைத்திருந்தாள். அவளும் போய் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் வாங்குகிறார்கள், கட்சிக்காரன் ஊர்ப்பணத்தில் கொடுக்கிறான், இதிலென்ன என்றுதான் நினைத்திருக்கிறாள். எனக்கு ஓட்டில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததால் எனக்குக் குடமும் இல்லை. நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

எல்லோர் இடுப்பிலும் குடம் ஏறிய பிறகுதான், வண்டியோடு வந்திருந்த பரசு தட்டை எடுத்தான். கற்பூரம் எரிந்தது.

"தப்பா நெனைக்காதீங்க. போன தபா வாங்கிக்கினு மாத்திக் குத்திட்டாங்க. ஆத்தா முன்னால ஒரு சத்தியம் பண்ணிட்டு போயிடுங்க, அவ்ளோதான்."

பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத் தட்டைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். தேசம்மாள் பின்வாங்கினாள். குடத்தை இறக்கி வைத்துவிடலாமா என்று அவள் பார்த்த பார்வை எனக்கு என் வாசலிலிருந்தே தெரிந்தது. பரசுவுக்கும் தெரிந்திருக்கும், அவன் சாதாரணப்பட்டவனா? தட்டைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டு, கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"தேசம்மாக்காவுக்குக் கற்பூரம் வேணாம்பா. இந்த வார்டுலயே ஒரே வாய், ஒரே பேச்சு. அந்தக்கா வாயால சொன்னா போதும். யக்கா, பேத்திய நெனச்சுக்கினு ஒரு வார்த்தை சொல்லு, நாங்க கெளம்பிடுறோம்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அத்தனை வருடம் சேர்த்து வைத்த பெயர் அந்தத் தெருவின் நடுவில் நின்றது. மாட்டேன் என்று குடத்தை வைத்துவிட்டு வந்திருந்தால், வாங்கிவிட்டுப் பின்வாங்கியவள் என்று நாலு பேர் பேசுவார்கள். அவ்வளவுதான் ஆகியிருக்கும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளே தட்டைப் பிடுங்கிக் கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, "எம் பேத்தி மேல ஆணை. போடுறேன்" என்று சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும்போது கோட்டீஸ்வரி குடத்தைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள்.

"யக்கா, கால் கட்டைவிரல மடக்கிக்கினியா?"

"எதுக்குடி?"

"அய்ய, இதுகூடத் தெரியாதா? கட்டைவிரல மடக்கிக்கினு பண்ணா சத்தியம் ஒட்டாது. நாங்க எல்லாரும் மடக்கிக்கினோம். குடம் குடம்தான், ஓட்டு நம்ம பியூலாவுக்குத்தான்."

தேசம்மாள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். செருப்பில்லாத கால், ஐந்து விரலும் நேராகத் தரையில் பதிந்திருந்தன.

அன்று இரவு சாப்பிடாமல் என் வாசலில் வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"குடத்த கொண்டு போய் அவன் மூஞ்சில வீசிட்டு வா. இதுக்கு எதுக்கு அழுற?"

"குடத்த குடுத்துடலாம். சொன்னத எப்பிடிம்மா திருப்பி வாங்குறது?"

"லஞ்சம் குடுத்து வாங்குன சத்தியம் ஒரு சத்தியமா? எந்த சாமி இத கணக்குல வெச்சுக்கும்?"

"அவன் குடுத்தது அவன் பாவம். கைய வெச்சது நானு. அதுவும் பாப்பா பேர சொல்லிட்டேன். அது எந்திரிச்சு வந்ததே பெரும்பாடு. நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா?"

"அந்தப் பாப்பாவக் காப்பாத்துனது யாரு?"

நான் விட்டிருக்கலாம், விடவில்லை. பியூலாவிடமே போய்ச் சொல்லு, அவள் சிரித்துவிட்டு ஒரு வழி சொல்வாள் என்றேன். தேசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்த மூஞ்ச வெச்சுக்கினு போவேன்? அவ என்ன கேக்கக்கூட இல்ல. கேட்டிருந்தா அவளுக்குச் சரின்னு சொல்லியிருப்பேன். ஒருத்திக்கு சொல்லிட்டேன்னு இவனுக்கு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன்."

இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. மீன் வயிற்றில் இருக்கும் சினைக்குக்கூட நியாயம் பார்த்துப் பழகியவள். கொடுத்த வார்த்தை நல்லவனிடம் கொடுத்ததா, திருடனிடம் கொடுத்ததா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.

ஓட்டுப்போடும் நாள் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்து வரிசையில் அவள் நின்றாள். தூரத்தில், கட்சிக்காரர்கள் தாண்டக்கூடாத கோட்டுக்கு வெளியே பியூலாவின் மேசை. வெயில் தாங்காமல் தேசம்மாள் தலையில் முந்தானை போட்டதைப் பார்த்ததும் பியூலா யார் கையிலோ ஒரு குடை கொடுத்தனுப்பினாள். தேசம்மாள் அந்தக் குடையை விரிக்கவில்லை, மடக்கியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய் மெஷின் முன்னால் நின்றபோது சீப்புப் படம்தான் முதலில் கண்ணில் பட்டது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். உள்ளேயிருந்த அதிகாரி, "சீக்கிரம்மா, பின்னாடி ஆளுங்க நிக்குறாங்க" என்றாராம். பேத்தி பெயரைச் சொல்லிக்கொண்டு பரசு கட்சிப் பட்டனை அழுத்தியிருக்கிறாள். அது போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும் என்று அவளுக்குப் பயம். வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

தமயந்தி ஜெயித்தாள். மற்றத் தெருக்களில் சீப்பு எடுபடவில்லை. ஆனால் எங்கள் பூத்தில் சீப்புதான் முதலில் வந்தது. கட்டைவிரலை மடக்கிய பொய்க்காரிகள் எல்லோரும் சொன்னபடி பியூலாவுக்குக் குத்தியிருந்தார்கள். குடமும் அவர்களிடம் இருந்தது, நிமிர்ந்து நடக்கிற தைரியமும் இருந்தது. கோட்டீஸ்வரி கோவில் முன்னாலேயே நின்று, "நாங்க போட்டோம்டி சீப்புக்கு!" என்று கத்தினாள். தேசம்மாள் மட்டும் எதையும் சொல்ல முடியாமல் இருந்தாள்.

பியூலா தோற்றதற்கு அழவில்லை. எங்கள் பூத்துக் கணக்கைப் பார்த்துவிட்டு நேராகத் தேசம்மாளிடம்தான் வந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நம்ம தெரு என்ன விட்டுக் குடுக்கலக்கா. எல்லாம் உங்கள பாத்துதான் போட்டிருப்பாங்க. எனக்குத் தெரியும்."

தேசம்மாளின் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. திருப்பி அணைக்கவில்லை. வாயைத் திறந்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் பியூலா போகிற இடமெல்லாம் இதையே சொன்னாள். தேசம்மாக்கா மாதிரி ஒருத்தர் இருந்தால் போதும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். தேசம்மாள் ஜெராக்ஸ் கடை வழியாகப் போவதை நிறுத்திவிட்டாள். மார்க்கெட்டுக்குச் சாக்கடையை ஒட்டிய பின்சந்து வழியாகப் போனாள்.

கோடை வந்தது. தண்ணீர் முன்னைவிட மோசமாக, கறுப்பாகவே வர ஆரம்பித்தது. தேசம்மாள் ஒரு பாட்டிலில் அதைப் பிடித்துக்கொண்டு, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு பரசு வீட்டுக்குப் போனாள். அவளுக்கு ஒரு நம்பிக்கை. தான் வாக்கைக் காப்பாற்றியவள், அதனால் அவனிடம் கேட்க உரிமை உண்டு என்று. பரசு லுங்கியோடு வந்து மூக்கைச் சுளித்தான்.

"இன்னாக்கா, நாலாவது சந்தா? உங்க பூத்துல எங்களுக்கு ஆப்பு வெச்சுட்டு இங்க எதுக்கு வந்த?"

"நான் போட்டேன் பரசு. எம் பேத்தி மேல ஆணையா போட்டேன். வாக்கு குடுத்தேன், காப்பாத்திட்டேன். நீ எங்களுக்கு குடுத்த வாக்கு இன்னாச்சு?"

அவன் கோபப்படவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நான் எப்பக்கா வாக்கு குடுத்தேன்? வாக்கு நீதான் குடுத்த. நான் குடம்தான் குடுத்தேன்."

நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதுதான் தேசம்மாளை அடித்துப் போட்டது. அவன் தண்ணீர் தருகிறேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஓட்டுக் கேட்காமல் தண்ணீருக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் வேறொருத்தி.

திரும்பும்போது பின்சந்துப் பக்கம் திரும்பாமல் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடையில் கோட்டீஸ்வரியும் இன்னும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். மறுநாள் எல்லோரும் ஏரியா ஆபீசுக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பியூலா எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். தேசம்மாள் உட்காரவில்லை.

"பியூலாம்மா, நான் உனக்குப் போடல."

பியூலா சிரித்தாள். "நீங்களும் ஜோக் அடிக்கக் கத்துக்கிட்டீங்களாக்கா?"

"பரசுவுக்குப் போட்டேன். குடத்த வாங்கிக்கினு பாப்பா மேல சத்தியம் பண்ணிட்டேன். மத்தவளுங்க மாதிரி எனக்கு ஏமாத்தத் தெரியல. உன்ன ஏமாத்திட்டேன்."

ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டீஸ்வரிகூட வாயை மூடிக்கொண்டாள், அது சாமானிய விஷயம் இல்லை. பியூலா மெஷினிலிருந்து விழுந்த தாள்களை எடுத்து மேசையில் தட்டித் தட்டி ஒழுங்குபடுத்தினாள். ஒழுங்காக இருந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லக்கா" என்றாள். பிறகு, "நான் உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்புதான்" என்றாள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேசம்மாள் அழுது தீர்த்திருப்பாள். திட்டவில்லை, அழவும் வரவில்லை. ஸ்டூல் காலியாகவே இருக்க, நானும் அவளும் வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் காலை பியூலா சந்துக்குள் வந்தாள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று குரல் கொடுத்தாள். "ஆன்ட்டி, பாட்டில எடுத்துக்கிட்டு கெளம்புங்க!" "செல்வி, குழந்தைய இடுப்புல போட்டுக்கிட்டு வா!" என் வாசலில் நின்று, "மெஷின நிறுத்துங்க, வாங்க வாங்க" என்று அவசரப்படுத்தினாள். இந்தச் சந்தில் அவள் இதுவரை யாரையும் வருகிறாயா என்று கேட்டதில்லை, இழுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். தேசம்மாளுக்கோ குரல்கூடக் கொடுக்க மாட்டாள், நேரே உள்ளே நுழைந்து கையைப் பிடித்துக் கூட்டி வருவாள்.

தேசம்மாள் தலைவாரி, நல்ல புடவை கட்டி, பாட்டிலில் அந்தக் கறுப்புத் தண்ணீரோடு கதவுக்குப் பின்னால் தயாராக நின்றிருந்தாள். பியூலா வாசற்படிக்கு வெளியே நின்றாள். குரலைத் தணித்துக்கொண்டாள். ரொம்ப மரியாதையாக, அக்கம்பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்களிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"நாங்க ஆபீசுக்குப் போறோம்க்கா. உங்களால வர முடியுமா?"

தேசம்மாள், "வர்றேம்மா" என்றாள். வாக்குக் கொடுக்கிற அந்தப் பழைய குரல் வரவில்லை. பியூலா தலையசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் கிளம்பினோம். தேசம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கடைசியில் வந்தாள்.